இரண்டு செம்புத் தண்ணீர்

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன், ஜாக்கிரதை!" என்று மேலதிகாரிகள் மிரட்டுவது நம் நாட்டில் வெகு காலமாக இருந்து வந்த வழக்கம். அந்தக் காடு எங்கே இருக்கிறது என்று யாரும் பூகோளப் படத்தில் குறித்துக் காட்டுவதில்லை. ஆனால் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்களுக்கெல்லாம் அது ராமநாதபுரம் என்று தெரியும். 1962-ஆம் வருஷம் மே மாதத்தில் அந்த மிரட்டல் என் விஷயத்தில் நிஜமாயிற்று. நான் செய்த குற்றம் இதுதான்: ஆபீஸ் நேரத்தில் கதை எழுதினேன். அதைக்கூட மன்னித்திருப்பார்கள். அந்தக் கதையில் ஒரு ஹெட் கிளார்க் வந்தார். அவருக்கு மூக்குப்பொடி போடும் பழக்கம் இருந்தது. அதுதான் வினையாகிவிட்டது.

நான் கும்பகோணத்துக்காரன். காவிரி ஒரு பக்கம், அரசலாறு ஒரு பக்கம், நடுவில் மகாமகக் குளம் என்று வளர்ந்தவன். ஆற்றில் இறங்கினால் விரல் நுனி சுருங்கும் வரையில் கரையேறாதவன். ராமநாதபுரத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது முதலில் என் கண்ணில் பட்டது வெயில். இரண்டாவதாகப் பட்டதும் வெயில்தான். உடைமரங்கள் குடை விரித்த மாதிரி ஆங்காங்கே நின்றன; ஆனால் குடையில் துணி இல்லை, கம்பி மட்டுமே இருந்தது. மேற்கே மலையில் பிறந்து மதுரை வழியாக வருகிற வைகை, ராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் வந்து விழுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். விழத்தான் வேண்டும். நான் போன வருஷம் வழியிலேயே அது மனசை மாற்றிக்கொண்டுவிட்டது. ராமநாதபுரம் ஜில்லாவின் கலெக்டர் ஆபீஸே அந்தக் காலத்தில் மதுரையில்தான் இருந்தது. வைகையைப் பின்பற்றி அவர்களும் அங்கேயே நின்றுவிட்டார்கள் போலிருக்கிறது.

அரண்மனைக்குப் பின்புறம் ஒரு சந்தில் எனக்கு ஒரு அறை கிடைத்தது. வீட்டுக்கார அம்மாள் ஐம்பது வயசு விதவை. பிள்ளைகள் இல்லை. நான் "பெரியம்மா" என்று கூப்பிட்டேன். அவள் "தம்பி" என்றாள். வாடகை பேசும்போதே, "தண்ணி மட்டும் பார்த்துப் புழங்குங்க தம்பி" என்று சொல்லிவிட்டாள். நானும் தலையாட்டினேன். காவிரிக் கரையில் பிறந்தவனுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் எப்படி விளங்கும்?

அங்கே மாலை வேளைகளைக் கழிப்பது பெரிய பிரச்னை. கதை எழுதலாம் என்றால், அதனால்தான் அங்கே வந்திருந்தேன். இப்படி யோசித்துப் பார்த்தேன்: இந்த ஊரில் இனாமாகக் கிடைப்பது வெயில் ஒன்றுதான். வெயிலை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? உப்பு விளைவிக்கலாம், மீன் காயவைக்கலாம், போட்டோ எடுக்கலாம். முதல் இரண்டும் சர்க்கார் குமாஸ்தாவுக்கு ஒத்துவராது. ஆகையால், கொழும்பிலிருந்து திரும்பி வந்திருந்த ஒருவரிடம் ஒரு பழைய பெட்டி காமிராவைப் பதினைந்து ரூபாய்க்கு வாங்கினேன். அதில் ஒரு கண்ணாடி, ஒரு விசை, வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு தகடு, அவ்வளவுதான். 120 நம்பர் பிலிம் சுருள் ஒன்று போட்டால் எட்டுப் படம்.

முதல் சுருளைக் கடைத்தெரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். ஸ்டூடியோக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். வாலிபத்தில் இலங்கையில் தொழில் கற்றுக்கொண்டவர். ஊரில் எல்லோரும் அவரை "ஸ்டூடியோ பாய்" என்பார்கள். மறு நாள் எட்டுப் படங்களையும் மேஜையில் பரப்பி வைத்தார். ஆபீஸ் நண்பர்கள், பால்காரர், தபால்காரர், வீட்டுக்கார அம்மாள் எல்லோரும் இருந்தார்கள். ஆனால் ஒருவருக்கும் கண் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் கரிக்குழி இருந்தது.

"உச்சி வெயில்லே எடுத்தீங்களா?" என்றார் பாய்.

"நல்ல வெளிச்சமாயிற்றே என்று..."

"வெயில் வேறே, வெளிச்சம் வேறே தம்பி. தலைக்கு மேலேயிருந்து வெயில் விழுந்தா நெத்தியோட நிழல் கண்ணிலே விழும். ஆளைச் சுவர் நிழல்லே நிறுத்துங்க. எதிரே ஒரு வெள்ளைச் சுவர் இருந்தா, அதிலே பட்டு வர்ற வெளிச்சமே போதும். இல்லாட்டி காலையிலே எட்டு மணிக்குள்ளே, சாயங்காலம் நாலரைக்கு மேலே. நடுப்பகல்லே காமிராவையும் தூங்க விடுங்க, நீங்களும் தூங்குங்க."

இந்த ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதம் பிடித்தது. காமிரா இல்லாமல்தான் கற்றேன் என்றால் வேடிக்கையாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமேஸ்வரம் போயிருந்தேன். என் பெட்டிக்குக் கோயில் இருட்டு எட்டாது என்று தெரியுமாதலால், காமிராவைச் சந்நிதித் தெருவில் ஒரு சங்குக் கடையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். சேதுபதி மன்னர்கள் 18-ஆம் நூற்றாண்டில் கட்டி முடித்த மூன்றாம் பிராகாரத்தில், 1,212 தூண்களுக்கு நடுவே, ஒரு மேடை ஓரமாக உட்கார்ந்தேன். வெளியே கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை வெயில். அது வாசல் வழியாக உள்ளே வந்து, முதல் தூணில் பளீரென்று விழுந்து, இரண்டாவதில் கொஞ்சம் அடங்கி, பத்தாவதில் மோர் நிறமாகி, ஐம்பதாவதில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாகிவிட்டது. நடுவே ஈரத் துணியோடு யாத்ரீகர்கள் ஒவ்வொரு தூணாகக் கடந்து வந்தார்கள். ஒரே முகம் தூணுக்குத் தூண் வேறு முகமாக மாறிற்று. பகல் முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சங்குக் கடைக்காரர் நான் காமிராவை மறந்து ஊருக்குப் போய்விட்டேன் என்று முடிவு கட்டி, அதைத் தம் பிள்ளைக்கு விளையாடக் கொடுத்திருந்தார்.

படம் எடுப்பது இப்படி ஒருவாறு பிடிபட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது அதைப் பற்றியல்ல. தமிழில் நாம் பிலிமைக் "கழுவுவது" என்கிறோமே, அதைப் பற்றி. ஆங்கிலத்தில் அதற்கு என்னவோ பெரிய பெயர் இருக்கிறது. நம் வார்த்தைதான் பொருத்தமானது. எவ்வளவு பொருத்தம் என்பது தண்ணீரில்லாத ஊரில் இருந்து பார்த்தால் தெரியும்.

ஒவ்வொரு சுருளுக்கும் ஸ்டூடியோவில் காசு கொடுத்து எனக்குக் கட்டுப்படியாகவில்லை. "நீங்களே கழுவக் கத்துக்குங்க" என்று பாயே மருந்துகளை நிறுத்துக் கொடுத்தார். முதலில் உருவத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து. அப்புறம் ஹைப்போ, வெளிச்சம் படாத வெள்ளி உப்பையெல்லாம் இது கரைத்து எடுத்துவிடும். கடைசியில் அந்த ஹைப்போ முழுவதும் போகும்படி தண்ணீர். புஸ்தகத்தில், மருந்தின் சூடு 68 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. புஸ்தகம் எழுதியவர் இங்கிலாந்தில் இருந்திருப்பார். என்னிடம் ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றுதான் இருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு முற்றத்துத் தொட்டித் தண்ணீரில் அதை வைத்தேன். 99 என்று காட்டிற்று. தண்ணீருக்கு லேசான ஜுரம்.

பிலிமின் மேல் பூசியிருப்பது ஜெலட்டின். எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கிற வஜ்ரம் போன்ற பண்டம். வெந்நீரில் அது ஊதி, இளகி, ஓரம் சுருண்டு, தோல் மாதிரி உரிந்து வரும். குரோம் படிகாரம் போட்ட கரைசலில் முக்கினால் கொஞ்சம் இறுகும் என்று பாய் சொல்லிக்கொடுத்தார். எனக்குப் பொறுமை இல்லை. சோடாக் கடையில் ஒரு கட்டி ஐஸ் கிடைத்த தினத்தில், சூடான மருந்திலிருந்து எடுத்த பிலிமை அப்படியே ஐஸ் தண்ணீரில் போட்டேன். பாம்பன் பாலத்தை மண்டபம் கரையிலிருந்து எடுத்த சுருள் அது. காய்ந்த பிறகு பார்த்தால், ஜெலட்டின் முழுவதும் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வற்றிய கண்மாயின் தரையில் யாரோ பாம்பன் பாலத்தை வரைந்து வைத்த மாதிரி இருந்தது. ராமநாதபுரத்தைப் பற்றி நான் எடுத்த படங்களில் உண்மையானது அது ஒன்றுதான் என்று பாய் பிற்பாடு கேலி செய்வார்.

கடைசியில் விடியற்காலை நாலு மணிக்குக் கழுவுவது என்று ஏற்பாடாயிற்று. இரவெல்லாம் மண்பானையில் ஊறிய தண்ணீர் அப்போதுதான் ஏதோ சுமாராகக் குளிர்ந்திருக்கும். அறைக் கதவைச் சாத்தி, சந்துகளில் சாக்கை அடைத்து, வேர்வை மருந்தில் சொட்டாதபடி நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு, இருட்டில் பிலிமை இரண்டு நுனியிலும் பிடித்து, தொட்டிலாட்டுவது போல் மேலும் கீழும் இழுப்பேன். உத்தியோகத்தில் ஒரு நாளும் இவ்வளவு சிரத்தை காட்டியவனல்ல நான்.

அந்த நாளில் எனக்கு உற்சாகம் ஊட்டிய மனிதர் ஒருவர் உண்டு. அவரை நான் பார்த்ததில்லை. ஏ. கே. செட்டியார். "குமரி மலர்" நடத்தியவர். அப்போதைய ராமநாதபுரம் ஜில்லாவில் சேர்ந்த கோட்டையூரில் பிறந்தவர். இந்த வறண்ட பூமியிலிருந்து புறப்பட்டு டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போட்டோத் தொழில் படித்தார்; உலகமெல்லாம் சுற்றிக் காந்திஜியைப் பற்றிய பிலிம்களைத் தேடித் தொகுத்து 1940-இல் படமாகவே வெளியிட்டார். ஜில்லாக்காரர் ஒருவர் உலகத்தைச் சுற்றி வந்து படம் காட்டும்போது, நான் கண்மாயைச் சுற்றி வந்தாவது எட்டுப் படம் எடுக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன்.

மருந்து, ஹைப்போ இரண்டுக்கும் தண்ணீர் அதிகம் வேண்டியதில்லை. கடைசிக் கழுவல்தான் தண்ணீரைக் குடிக்கும். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் அரை மணி நேரம் என்று புஸ்தகம் சொல்லிற்று. குழாய் இல்லாதவர்கள் பத்துப் பன்னிரண்டு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும். அதன்படியே ஒரு சுருளுக்கு இரண்டு குடம் செலவழித்தேன். குடத்தில் குறைந்தது நிறைவதையும் கவனித்தேனே தவிர, அது எப்படி நிறைகிறது என்று கவனிக்கவில்லை. நான் ஆபீஸ் போன பிறகு, பெரியம்மா ஊருணிக்குப் போய்த் தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். கோடையில் ஊருணி வற்றியதும், ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, முறை வைத்துக் காத்திருந்து, அகப்பையால் கோரி நிரப்பிக்கொண்டு வந்தாள்.

1963-ஆம் வருஷம் ஜூன் மாதம் ஒரு விடியற்காலை, தட்டிலிருந்த தண்ணீரை நான் முற்றத்துச் சாக்கடையில் கொட்டும்போது, அவள் தூணருகே நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தத் தண்ணிய என்ன செஞ்சீக தம்பி?"

"படம் கழுவினேன், பெரியம்மா. அதில் மருந்து இருக்கிறது. வேறு எதற்கும் ஆகாது."

"ஒரு படத்துக்கு எம்புட்டுத் தண்ணி?"

"இரண்டு குடம்" என்று மெல்லச் சொன்னேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கணக்குப் பார்ப்பவள் மாதிரி கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். "எங்க வீட்டுக்காரரு செத்தப்ப, குளிப்பாட்ட அரைக் குடந்தான் ஊத்துனோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு நான் ஆபீஸில் ஒரு பைலைக்கூடப் பிரிக்கவில்லை. மறு நாள் முதல் என் கழுவும் முறையை மாற்றிக்கொண்டேன். இரண்டே இரண்டு செம்பு. முதல் செம்பில் முக்கி அலசு, கொட்டு. இரண்டாவது செம்பில் முக்கி அலசு, முடிந்தது. பிலிம் பார்வைக்குப் பளிங்கு போலத்தான் இருந்தது. பாயிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மலரவில்லை.

"பத்தாது தம்பி. ஹைப்போ உள்ளேயே தங்கிடும். இன்னைக்குத் தெரியாது. வருஷம் ஒண்ணு ரெண்டு போனா மஞ்சள் பூக்கும். இந்த ஊர்ச் சூட்டுக்கும் உப்புக் காத்துக்கும் இன்னும் சீக்கிரமே பூக்கும். படம் தின்னுபோயிடும்."

"உங்கள் கடைக்குப் பின்னால் கிணறு இருக்கிறது, பாய். நீங்கள் சொல்லலாம்" என்றேன் கொஞ்சம் வெடுக்கென்று. என் சிக்கனம் எனக்கு அப்போது ஒரு தர்மமாகவே ஆகிவிட்டிருந்தது. பெரியம்மாவின் குடத்தைக் காப்பாற்றுகிற தர்மம். தர்மம் செய்கிறவன் சுலபத்தில் புத்தி கேட்பதில்லை.

1964 மே மாதத்தில் மூன்று நாள் விடுமுறை கிடைத்தது. தனுஷ்கோடிக்குப் போனேன். இன்றைய வாசகர்களுக்குத் தனுஷ்கோடி என்றால் இடிந்த சுவர்தான் ஞாபகம் வரும். நான் பார்த்த தனுஷ்கோடியில் ரயில் நிலையம் இருந்தது, சுங்கச் சாவடி இருந்தது, தபாலாபீஸ், பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் இருந்தன. சென்னை எழும்பூரிலிருந்து வரும் போட் மெயில், பாம்பன் பாலத்தைக் கடந்து நேரே அங்கே வந்து நிற்கும். பிரயாணிகள் இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுவார்கள். கப்பல் வரும் வேளையில் ஒரே அமர்க்களம். போய்விட்டால் மணலும் காற்றும்தான். இரண்டு பக்கமும் கடல். நடுவில் ஒரு கத்தி மாதிரி மணல். அங்கே காமிராவின் தகட்டை எவ்வளவு சுருக்கினாலும் போதவில்லை. மேலேயிருந்தும் வெளிச்சம், கீழே மணலிலிருந்தும் வெளிச்சம், இரண்டு பக்கத்துத் தண்ணீரிலிருந்தும் வெளிச்சம். பாய் சொன்ன வெள்ளைச் சுவர் அங்கே நாலு திக்கிலும் இருந்தது. ஒரு முகத்திலும் கரிக்குழி விழவில்லை.

ஸ்டேஷனுக்கு அப்பால் மீனவர் குடிசைகள். அவற்றின் நடுவே ஒரு சிறுமி, பத்து வயசிருக்கும், மணலில் தோண்டிய பள்ளத்தின் ஓரத்தில் குந்தியிருந்தாள். முழ ஆழம்தான் இருக்கும். கடலோ கூப்பிடு தூரம். அந்தப் பள்ளத்தில் நல்ல தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிசாகத் தங்கி நிற்குமாம். ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். அவள் ஒரு சிரட்டையால், கலங்காமல், பூப் பறிக்கிற மாதிரி ஒவ்வொரு கோரலாக எடுத்துப் பானையில் விட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். சிரட்டையைத் தூக்கியபடியே என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். விசையைத் தட்டினேன். எட்டாவது படம்.

அவள் தாய் கடலோரத்தில் அலுமினியத் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மணல் போட்டுத் தேய்த்து, கடல் தண்ணீரில் பத்துத் தடவை அலசினாள். பிறகு குடிசைக்கு வந்து, பானையிலிருந்து ஒரே ஒரு சிரட்டை நல்ல தண்ணீரை எல்லாத் தட்டுகளுக்குமாக ஊற்றிக் கவிழ்த்தாள். எழுதுகிறவனுக்கே உரிய புத்தியோடு, கதையில் எங்கேயாவது சேர்க்கலாம் என்று அதை மனசில் குறித்துக்கொண்டேன். தகப்பன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். "படம் எங்களுக்கும் ஒண்ணு கிடைக்குமாய்யா?" என்று கேட்டான். "அனுப்புகிறேன்" என்றேன். ஊருணிக்கரை, ஆபீஸ், வீட்டு அடையாளம் எல்லாம் அவனுக்குச் சொன்னேன்.

அந்தச் சுருளையும் இரண்டு செம்பில்தான் கழுவினேன். எட்டாவது படம் அற்புதமாக வந்திருந்தது. சின்னதாக ஒரு பிரதி போட்டுப் பாயிடம் காட்டினேன். "இதைப் பெரிசு பண்ணணும் தம்பி" என்றார். பெரிசு பண்ணி, கண்ணாடி போட்டு, நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஜூலையில் கையில் பணம் இல்லை. செப்டம்பரில் தங்கைக்குக் கல்யாணம். பொங்கலுக்குப் போகலாம் என்று இருந்தேன்.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி ராத்திரி நடந்தது எல்லோருக்கும் தெரியும். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாசஞ்சர் ரயிலை, ஊர் எல்லையில் கடல் எழும்பி வந்து அப்படியே எடுத்துக்கொண்டுபோயிற்று. நூறு பேருக்கு மேல் அதிலிருந்தார்கள். ஊரில் போனவர்களின் கணக்கு வெகு நாள் வரையில் கூடிக்கொண்டே இருந்தது. பாம்பன் பாலத்தின் இரும்பு உத்திரங்களில் பெரும்பாலானவை கடலுக்குள் விழுந்தன. கப்பலுக்காகத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் நின்றது. பாலத்தை 46 நாளில் சரி பண்ணிவிட்டார்கள். தனுஷ்கோடி ரயில் பாதையை மறுபடி போடவே இல்லை. மனிதர் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று சர்க்கார் அறிவித்துவிட்டது. மண்டபத்தில் நிவாரண வேலைக்கு எங்களில் சிலரை அனுப்பினார்கள். அரிசி மூட்டை எண்ணினேன். காமிராவை எடுத்துப் போகவில்லை. திரும்பி வந்தும் அந்தத் தகர டப்பாவை ஒரு வருஷத்துக்கு மேல் நான் திறக்கவில்லை.

1966 பிப்ரவரியில் ஒரு நாள் மாலை, நான் ஆபீஸிலிருந்து வந்தபோது திண்ணையில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். எழுந்து கும்பிட்டான். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"தனுக்கோடியிலே படம் எடுத்தீங்களே ஐயா. பிள்ளை தண்ணி கோர்றதை."

புயல் தினத்தில் அவன் படகோடு மண்டபத்தில் இருந்திருக்கிறான். குடிசையில் மனைவியும் மகளும் இருந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் கிடைக்கவில்லை. ராமேஸ்வரத்துப் பக்கம் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தானாம். ஊர் விட்டு வேறெங்கோ போகப்போகிறவன், போகுமுன் கேட்டுப் பார்க்கலாம் என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறான். "அந்தப் படம் இருக்குங்களாய்யா?"

உள்ளே போய் டப்பாவைத் திறந்தேன். முதலில் நான் போட்டிருந்த சின்னப் பிரதி கையில் வந்தது. காகிதம் முழுவதும் மஞ்சள் பாய்ந்து வெற்றுத் தாளாகியிருந்தது. நெகடிவை எடுத்து விளக்கில் பிடித்தேன். நடுவே ஒரு பழுப்புத் திட்டு, எண்ணெய் சிந்திய மாதிரி. சிரித்த முகம் இருந்த இடம் அதுதான். பாய் சொன்ன கணக்கு ஒரு நாள்கூடத் தவறவில்லை.

பெரியம்மா நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. சமையலறைக்குப் போய், அன்று பகலில் கொண்டுவந்திருந்த நிறைகுடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"கழுவுங்க தம்பி. வேணும்னா இன்னொரு குடம் இருக்கு."

நான் கழுவினேன். ஒரு குடம் தண்ணீரையும் விட்டுக் கழுவினேன். அதனால் பிரயோஜனம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஹைப்போ தங்கி வெள்ளியைத் தின்ற பிறகு கழுவினால் மேற்கொண்டு தின்னாமல் நிற்கும். தின்றதைத் திருப்பிக் கொடுக்காது. ஆனாலும் அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தபோது கழுவாமல் இருக்க முடியவில்லை.

பாய் கடையை ராத்திரி பத்து மணிக்குத் திறந்து பிரதி போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மணல் தெரிந்தது, பள்ளம் தெரிந்தது, பானையின் வாய் தெரிந்தது. சிரட்டையைப் பிடித்த கை, வளையலோடு, சொட்டுகிற தண்ணீரோடு, தெள்ளத் தெளிவாக இருந்தது. அதற்கு மேலே வெறும் புகை. அவன் வெகு நேரம் பார்த்தான். "அவ கைதான்" என்றான். மடியில் வைத்துக்கொண்டான். நான் என்ன சொல்லியிருக்க முடியும்? "மன்னித்துவிடு" என்று சொன்னேனா என்பதுகூட ஞாபகமில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான். அப்புறம் அவனை நான் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் எனக்கு மாற்றல் ஆயிற்று. காமிராவைப் பாயிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

சென்னையில், 1979-இல் என்று நினைக்கிறேன், மூர் மார்க்கெட்டில் பழைய புஸ்தகக் குவியலைக் கிளறும்போது, போட்டோத் தொழிலைப் பற்றிய ஓர் ஆங்கிலப் புஸ்தகம் கையில் அகப்பட்டது. நின்றபடியே புரட்டினேன். இரண்டாம் உலக யுத்தத்தின்போது கப்பல்களில் நல்ல தண்ணீர் அரிதாயிருந்ததாம். பிலிமையும் காகிதத்தையும் கடல் நீரிலேயே கழுவிப் பார்த்தார்களாம். நல்ல தண்ணீரைவிடக் கடல் நீர் சீக்கிரமாக ஹைப்போவை வெளியேற்றிவிட்டது. உப்பு ஜெலட்டினுக்குள் புகுந்து ஹைப்போவை வெளியே தள்ளிவிடுகிறது. பிறகு அந்த உப்பு போவதற்கு மட்டும் நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் அலசினால் போதும். இதை ஆதாரமாக வைத்தே யுத்தத்துக்குப் பிறகு கழுவும் நேரத்தைக் குறைக்கிற மருந்துகள் செய்தார்கள்.

மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நாட்டில், ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் கடலில் கால் நனைக்கக்கூடிய ஊரில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் இல்லை என்று தவித்திருக்கிறேன். நாலு குடம் கடல் நீரும், அதன் பிறகு என்னுடைய அதே இரண்டு செம்பும் போதுமானதாயிருந்திருக்கும். அலுமினியத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தவள் அதைத்தான் என் கண்முன்னால் செய்துகொண்டிருந்தாள். நான் அதைக் கதைக்காகக் குறித்துக்கொண்டேன். கடைக்காரர், "சார், வாங்குறீங்களா, இல்லே முழுக்கப் படிச்சுட்டுத்தான் போவீங்களா?" என்று கேட்டார். வாங்கவில்லை.

அரிச்சல்முனை வரையில் 2017-இல் சாலை திறந்துவிட்டார்கள். போன வருஷம் பேரன் என்னைக் காரில் அழைத்துப் போனான். கடலுக்குக் குறுக்கே இப்போது புதிய ரயில் பாலம் நிற்கிறது, 2025 ஏப்ரலில் திறந்தது. நடுப்பகுதி லிப்ட் மாதிரி நேராக மேலே எழும்புகிறது. பேரன் கைப்பேசியில் பத்து நிமிஷத்தில் இருநூறு படம் எடுத்தான். மத்தியான வெயில். ஒரு முகத்திலும் கரிக்குழி இல்லை. அந்த வேலையையெல்லாம் கருவியே பார்த்துக்கொள்கிறதாம்.

மாதா கோயில் சுவரைத் தாண்டி, சங்கு மாலை விற்கிற ஒரு பெண்ணிடம், "ஊற்று இன்னும் இருக்கிறதா அம்மா?" என்று கேட்டேன். எதற்கு இந்தக் கிழவன் இதைக் கேட்கிறான் என்று அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். நாலைந்து பனை ஓலைகளை விலக்கினாள். முழ ஆழம்தான். பிளாஸ்டிக் குவளையில் கோரிக் கொடுத்தாள்.

"குடிச்சுப் பாருங்க தாத்தா, உப்பே இருக்காது."

குடித்தேன். உப்பு இல்லை.